பொட்டு வைத்த பற்றரிகள்

அந்த வீட்டில் நாங்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துத்தான் நடப்போம். அக்காவின் குழாய் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. அது சுண்டுவிரலிலும் மெல்லியதாக, கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு நுனி கூடத்து மூலையில் நின்ற மெசினில், மற்ற நுனி அக்காவின் மூக்கில். அக்கா சாப்பாடு எடுக்கக் குசினிக்குப் போனால் குழாயும் பின்னால் இழுபட்டுப் போகும். குளியலறைக்குப் போனால் கதவின் அடியால் நுழையும். யாராவது மிதித்துவிட்டால் அக்கா சத்தம் போடமாட்டார். நின்று, திரும்பி, எங்கள் காலைப் பார்ப்பார். கால் தானாக எழும்பிவிடும். இன்றைக்கும் புது வீடு ஒன்றுக்குள் போனால் நான் முதலில் நிலத்தைத்தான் பார்க்கிறேன்.

போன மாதம் அஜக்ஸ் பட்டணத்தில் எங்கள் கூட்டாளி ஒருவரின் கராஜில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். கூரையில் சூரியத் தகடு போட்டு, வீட்டுக்கான கறன்றைத் தானே செய்யப்போவதாக அவர் சொன்னார். தகடு இன்னும் வரவில்லை, கம்பி இழுக்கவில்லை, ஆனால் பற்றரி மலிவாகப் போகிறது, இப்போதே வாங்கிப் போடட்டா என்று கேட்டார். ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவினேன். சபையில் எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ் கையில் இருக்கிறது. அவருக்குச் சொல்ல நினைத்ததை அந்தத் தமிழில் எழுதுகிறேன்.

உங்களுக்கும் என் வயதுதான். நீங்களும் ஸ்காபரோவில், நிலத்துக்குக் கீழான பேஸ்மென்றுகளில் வளர்ந்தவர்கள். கூரையை ஒட்டிய சின்ன யன்னல், அதன் வழியாகத் தெரியும் கார்ச் சில்லுகள், மேல்வீட்டுக்காரரின் காலடி, சூடாக்கி எழும்பும்போது வரும் பெருமூச்சு, இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் இவற்றோடு மெசினின் சத்தமும் இருந்தது. அது வெளிக்காற்றை உள்ளே இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து எடுத்துக் குழாயில் விடும். தரிப்பிடத்தில் ஆள் ஏறும்வரை உறுமிக்கொண்டு நிற்கும் பஸ் மாதிரி இரவும் பகலும் ஓடும். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. ஊரில் இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் நெஞ்சில் பிடித்த சளி, மருந்தில்லாமல், நுரையீரலை வடுவாக்கிவிட்டுப் போயிருந்தது. மெசின் இல்லாமல் கொஞ்ச நேரம் இருக்கலாம். அதற்கு மேலே உதடு நிறம் மாறும்.

அக்கா அந்த மெசினுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார். யாராவது அன்ரி வந்து, பிள்ளைக்கு ஒரு கலியாணம் காட்சி என்று பெருமூச்சு விட்டால், "எனக்கு ஆள் இருக்கிறார், அன்ரி. மூலையிலை நிக்கிறார். சரியான குறட்டை, ஆனால் விட்டிட்டுப் போகமாட்டார்" என்பார். அன்ரிமார் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் அம்மாவைப் பார்ப்பார்கள்.

விட்டுப் போகமாட்டார் என்பதில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. கறன்ற் என்பது நின்றுபோகிற சாமான் என்பதுதான் அவருக்குத் தெரிந்த உலகம். நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கறன்ற் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சண்டை காரணமாக யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். கைவிளக்குக்குப் போடும் ரோச் பற்றரி ஒன்று அகப்பட்டாலே விசாரணைதான்.

அந்தக் காலத்தில் அப்பாவின் தங்கச்சிக்கு, என்னுடைய மாமிக்கு, தொய்வு என்கிற மூச்சிழுப்பு நோய். மூச்சுக்கு மருந்துப் புகை கொடுக்கிற கருவி ஒன்று பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் இருந்தது. கறன்ற் இல்லை. கார் பற்றரி ஒன்று கொண்டுவந்தால் ஓட்டித் தருவேன் என்றார். ஒரு காலைப்பொழுது சந்தையில், சாக்குக்குக் கீழே ஒளித்து, ஒருவன் பற்றரி விற்றான். அப்பா பார்த்தார். விலை கூட என்று நினைத்து, மத்தியானம் பார்ப்போம் என்று வந்துவிட்டார். மத்தியானம் சாக்குத்தான் கிடந்தது. அந்தக் கிழமை முடிவதற்குள் மாமி போய்விட்டார்.

இதை அப்பா ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. அம்மாதான் வெங்காயம் உரித்துக்கொண்டு சொன்னார். சாமான் கண்ணில் படும்போதே வாங்கிவிட வேண்டும் என்பதற்கு அப்பா சொல்வது ஒரு வசனம்தான். "காணேக்க வாங்கிப்போட வேணும்." அரிசிக்கும் அதுதான், குழந்தை மருந்துக்கும் அதுதான், பற்றரிக்கும் அதுதான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. இரண்டாயிரம் பிறக்கும்போது கம்பியூட்டர்களுக்கு நாள் குழம்பி, கறன்ற், தண்ணீர், வங்கி எல்லாம் நின்றுவிடும் என்று வெள்ளைக்காரர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். கடைகளில் மெழுகுதிரி முடிந்துபோனது. எங்கள் ஆட்கள் கொஞ்சம் சிரித்தார்கள். "எங்களுக்குப் பழகின விசயம்தானே" என்றார்கள். அப்பா சிரிக்கவில்லை. கறன்ற் நின்றால் அக்காவின் மெசினை ஓட்டுவதற்குப் பற்றரியில் வேலை செய்யும் ஒரு ஏற்பாட்டைத் தன் கையாலேயே செய்வது என்று தீர்மானித்தார்.

அப்பாவின் ஊர்க் கூட்டாளி ஒருவர் மிசிசாகாவில் இருந்தார். விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை. ஊரில் சண்டை பெருக்க முன்னமே வந்துவிட்டவர். நாங்கள் அவரை மிசிசாகா அங்கிள் என்போம். தை மாதக் கடைசியில் அவரிடமிருந்து போன் வந்தது. அவருடைய வேலைக்குக் கிட்ட ஒரு சாமான் கடை மூடப்படுகிறது, பெரிய பற்றரிகள் கிடக்கின்றன என்றார்.

"எத்தினை கிடக்கு?" அப்பா கேட்டார்.

"ஆறு. ஆனால் அண்ணை, உங்களிட்ட மற்றச் சாமான் ஒண்டும் இல்லையே. சார்ஜர் இல்லை. இன்வேட்டர் இல்லை."

இன்வேட்டர் என்பது பற்றரியின் கறன்றை வீட்டுக் கறன்றாக மாற்றித் தரும் பெட்டி. அதுதான் விலை கூடிய சாமான். அதை ஆறுதலாக வாங்கலாம் என்று அப்பா நினைத்திருந்தார்.

"ஆறையும் மறிச்சு வையும். இப்ப வாறன்."

அங்கிளின் வானில் அவை வந்து இறங்கின. ஒவ்வொன்றும் கறுப்பு, செங்கல் அடுக்கிய பெட்டி மாதிரிப் பாரம், தூக்குவதற்குக் கயிற்றுப் பிடி. பனிக்குள்ளால் அப்பாவும் அங்கிளும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் வழுக்க வழுக்கப் படியிறங்கினார்கள். கடைசிப் பற்றரியை வைத்துவிட்டு அங்கிள் அதன்மேலேயே இருந்துகொண்டார்.

"அண்ணை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதேங்கோ. கடைக்காரன் சொன்னவன், உதைத்தான் கடைசியா வாங்க வேணுமாம். எல்லாம் பூட்டி முடிச்சாப்போலை. பேக்கரிப் பாண் மாதிரியாம். வாங்கின அண்டைக்கே சாப்பிட வேணும்."

"பாண் இல்லாத ஊரிலை இருந்து வந்தவனிட்டை உந்தக் கதை சொல்லாதையும், ஐசே," என்றார் அப்பா. "நீர் கறன்ற் நிக்காத ஊரிலை இருந்து கறன்றைப் பற்றிக் கதைக்கிறீர்."

"அப்ப மாசத்துக்கு ஒருக்காவாவது சார்ஜ் ஏத்துங்கோ. சும்மா கிடந்தால் இறங்கிப்போகுமாம்."

"பாவிக்காத பற்றரி எப்பிடி இறங்கும்? நிப்பாட்டி வைச்ச காருக்குப் பெற்றோல் முடியுமே?"

அங்கிள் பற்றரியிலிருந்து எழும்பினார். அவர் சிரித்துக்கொண்டு, "அண்ணி, தேத்தண்ணி தாங்கோ, நான் தோத்திட்டன்" என்றார்.

எங்கள் வீடுகளில் புதுச்சாமானுக்கு நடக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். சோபாவின் பொலித்தீனை வருடக்கணக்காகக் கழற்றமாட்டோம். தொலைக்காட்சியின் றிமோட் பொலித்தீன் உறைக்குள்தான் இருக்கும். நல்ல பீங்கான்கள் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடக்கும். பாவித்தால் பழசாகும், பாவிக்காவிட்டால் புதுசாகவே இருக்கும். பற்றரிகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. பேஸ்மென்ற் மூலையில், முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே, கோல்ட் றூம் என்கிற குளிர் அறை ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் கொங்கிறீற், வெளிக்காற்று வர ஒரு துவாரம். வெங்காயமும் அரிசி மூட்டையும் ஊறுகாய்ப் போத்தல்களும் அங்கேதான். குளிரில் எதுவும் பழுதாகாது என்று அப்பா அங்கே பலகை போட்டு ஆறையும் வரிசையாக வைத்தார். அம்மா ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். பிறகு அப்பா பொலித்தீனால் மூடி, சுற்றிவர ரேப் ஒட்டினார்.

வெங்காயம் எடுக்க என்னைத்தான் அனுப்புவார்கள். கதவைத் திறந்ததும் பொலித்தீனுக்குள் ஆறு பொட்டுக்கள் என்னைப் பார்க்கும். நான் வெங்காயத்தை அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். அக்கா கேட்பார், "என்ன, அப்பாவின்ரை ஆறு பிள்ளையளும் சுகமா இருக்கினமே?"

கோடையில் அப்பா வேலை செய்த பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலைநேரம் குறைந்தது. இன்வேட்டர் தள்ளிப்போனது. பற்றரிகள் கிடந்தன. சார்ஜரும் வரவில்லை. அப்பா அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கடினமான சாமான் கையில் வந்துவிட்டது, மற்றவை கடையில் கிடக்கிறவைதானே என்பது அவர் எண்ணம். ஊரில் அது சரி. ஊரில் பற்றரிதான் கிடையாத சாமான்.

இலையுதிர் காலத்தில் ஒட்சிசன் கம்பனியின் ஆள் ஒருவர் பெரிய சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கட்டிலடியில் நிறுத்தினார். மெசின் நின்றால் இதில் பூட்டவேண்டும் என்று காட்டித் தந்தார். பச்சைத் தலை, என்னிலும் உயரம். அம்மாவுக்கு அதைப் பார்க்க ஏலாது. "இஞ்சருங்கோ, ஷெல்லை நிமித்தி வைச்ச மாதிரி நிக்குது. எனக்கு நித்திரை வருகுதில்லை. அடுப்பு இருக்கு, சூடாக்கிக்குள்ளை நெருப்பு எரியுது" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். "நிக்கட்டும் அம்மா. அவர் பேசாமல்தானே நிக்கிறார்." ஆனால் அப்பாவுக்குத் தன்னுடைய ஆறு பற்றரிகளும் இருந்தன. அந்த ஆள் அடுத்த முறை வந்தபோது, எங்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது என்று அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். அப்பா இரண்டு தரமும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். சிலிண்டர் படியேறிப் போகும்போது ஒவ்வொரு படியிலும் மணி மாதிரிச் சத்தம் வந்தது. அக்கா அது கேட்டு முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் இன்வேட்டர் வந்தது. மிசிசாகா அங்கிளும் வந்தார். குளிர் அறைக்குள் பொலித்தீனின் ஒரு மூலையை மட்டும் வெட்டி, தடித்த கம்பிகளால் பற்றரிகளைத் தொடுத்து, இன்வேட்டரைப் பூட்டி, மேசை விளக்கு ஒன்றைச் செருகினார்கள். விளக்கு எரிந்தது. வெள்ளை வெளேரென்று. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். மேல்வீட்டு அன்ரியும் இறங்கி வந்து பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கும் ஒரு வயர் இழுங்கோ என்று பகிடி விட்டார். அக்கா குழாயின் முழு நீளத்துக்கும் வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"பாத்தீரே, ஐசே? வருசம் முடியப்போகுது. பாண் புளிக்கேல்லை," என்றார் அப்பா.

"மன்னியுங்கோ அண்ணை. கடைக்காரனைக் கண்டால் ரெண்டு போடுறன்."

அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார், "அப்பா, உது மஞ்சளா வருது."

அப்பா விளக்கைப் பார்த்தார். "மஞ்சள் நல்லதுதானே பிள்ளை. மங்களம்."

சிரித்தோம். அங்கிள், "மாப்பிள்ளையைச் செருகிப் பாப்பமே?" என்றார். அப்பா விடவில்லை. சும்மா சோதித்துச் சோதித்து உள்ளதையும் இறக்கக்கூடாது, தேவைக்கு இருக்கட்டும் என்று விளக்கைக் கழற்றிவிட்டார். அன்றிரவு சாப்பாட்டில் அக்கா குளிர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

மார்கழியில் குளிர் இறுகியது. மூக்கு மயிர் உறைகிற குளிர். பிறகு திடீரென்று ஒருநாள் இளகியது, பிறகும் இறுகியது. அந்த நாட்களில்தான் குளிர் அறையில் ஒரு புளித்த மணம் வரத் தொடங்கியது. ஊறுகாய்ப் போத்தல் வெடித்துவிட்டது என்று அம்மா எல்லாப் போத்தலையும் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. அரிசி மூட்டையின் அடியில் ஒரு ஓட்டை. இரண்டு நாளில் இன்னொன்று.

"எலி," என்றார் அம்மா. "இந்த நாட்டு எலி சத்தமில்லாமல் கடிக்குது."

பொறி வைத்தோம். கருவாட்டுத் துண்டு அப்படியே காய்ந்து கிடந்தது. எலி கருவாட்டை விட்டுவிட்டுச் சாக்கைத் தின்கிறதே என்று அம்மா அதிசயப்பட்டார். அந்தக் கிழமை என் காலுறைகளைத் தோய்த்துக் காயப்போடும்போது அடிப்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. எனக்கு ஏச்சு விழுந்தது. வெளியில் சப்பாத்தில்லாமல் திரிகிறேனாம். நான் குளிர் அறைக்கு வெங்காயம் எடுக்கப் போனதைத் தவிர வேறெங்கும் போகவில்லை. ஆறு பொட்டுக்களும் பொலித்தீனுக்குள் இருந்தன. உள்பக்கம் வேர்த்திருந்தபடியால் சிவப்பு கொஞ்சம் கரைந்து கீழே இழுபட்டிருந்தது. அதைக்கூட அம்மாவிடம் சொன்னேன். வேர்வையாக்கும் என்றார்.

கிறிஸ்மஸுக்கு முந்திய நாட்களில் ஒரு நாள், மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைகிற மழை. பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே எங்கோ மரக்கிளை முறிந்த சத்தம். பிறகு வீடு முழுக்க ஒரு அமைதி. சூடாக்கி இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை, மெசின் இல்லை. அப்படி ஒரு அமைதியை நான் அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. உடனே மெசினின் எச்சரிக்கைச் சத்தம் ஊளையிடத் தொடங்கியது. அதற்குள்ளே தனியாக ஒரு சின்னப் பற்றரி இருந்தது. அது நன்றாகத்தான் வேலை செய்தது.

"பயப்பிடாதை பிள்ளை," என்றார் அப்பா. அவர் முகத்தில் பயம் இல்லை. கிட்டத்தட்டச் சந்தோசம் என்றுதான் சொல்லவேண்டும். இதற்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தார். ரோச்சை எடுத்துக்கொண்டு குளிர் அறைக்குள் போய் இன்வேட்டரை முடுக்கினார். வயரை மெசினுக்கு இழுத்து வந்து செருகினார். மாப்பிள்ளை உறுமினார். அம்மா "முருகா" என்றார். குழாயில் காற்றுச் சீறியது.

தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிற நேரம்கூட இல்லை. உறுமல் இறங்கி, இழுத்து, நின்றது. குளிர் அறைக்குள்ளிருந்து இன்வேட்டர் கூவியது. அப்பா ஓடினார். திரும்ப முடுக்கினார். திரும்ப உறுமல், திரும்ப நின்றது. மூன்றாவது தரம் உறுமலே வரவில்லை.

அப்பா பொலித்தீனைக் கையால் கிழித்தார். நான் ரோச் பிடித்தேன். இரண்டு பற்றரிகளின் பக்கங்கள் கர்ப்பிணி வயிறு மாதிரித் தள்ளியிருந்தன. ஒன்று மேலிருந்து கீழே வெடித்திருந்தது. பலகை கறுத்து, நிலத்துக் கொங்கிறீற் வெள்ளையாகப் பொரிந்து, அரிசி மூட்டைவரை ஒரு ஈரக்கோடு போயிருந்தது. எலி இல்லை, பற்றரி அமிலம். சார்ஜ் இறங்கிக் கிடந்த பற்றரிகள் குளிரில் உறைந்து வெடித்து, அது கசிந்திருந்தது. அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். "வெளியிலை போ," என்றார், மெதுவாக.

கூடத்தில் அக்கா கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டின் ஓரம் நாவல்பழம் தின்றதுபோல் வந்துகொண்டிருந்தது. அம்மா போனில் என்னைக் கதைக்க வைத்தார். அம்புலன்ஸ் வரும், ஆனால் றோட்டெல்லாம் கண்ணாடி, ஆறுதலாகத்தான் வரும் என்றார்கள். மேல்வீட்டு அன்ரி செபமாலையோடு படியில் வந்து நின்றார். அக்கா என்னைப் பார்த்து, "அழாதை… உன்ரை மூக்கு… ஓடுது" என்றார். அவ்வளவையும் சொல்ல மூன்று மூச்சு எடுத்தது.

"கதையாதை பிள்ளை," என்றார் அம்மா.

அப்பா கூடத்துக்கு நடுவில் நின்றார். அவருடைய கண் யன்னலுக்குப் போனது. யன்னலுக்கு வெளியே எங்கள் பழைய காரின் சில்லுத் தெரிந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். அப்பா இன்வேட்டரைக் கம்பியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு படியேறினார். கார் முழுக்க ஒரு விரல் தடிப்பில் பனிக்கட்டி, கதவு திறபடவில்லை. அம்மா அக்காவுக்கென்று பிளாஸ்கில் வைத்திருந்த சுடுதண்ணியைக் கதவுப்பிடியில் ஊற்றினார். கார் முடுக்குப்பட்டது. அதன் வால்பக்கம் யன்னலுக்கு நேரே இருந்தது. புகை உள்ளே போனால் அக்காவின் கதை முடிந்துவிடும். திருப்பவேண்டும். சில்லு அதே இடத்தில் நின்று சுழன்றது. அம்மா குசினிக்குள் ஓடிப்போய் உப்புப் பையைக் கொண்டுவந்து, அந்த வருடத்து உப்பு முழுவதையும் சில்லுக்குக் கீழே கொட்டினார். உப்பு ஒரு கல் நிலத்தில் சிந்தினாலே குனிந்து பொறுக்குகிறவர். கார் பிடித்தது. அப்பா அதைப் புல்லுக்கு மேலால் ஏற்றி, மூக்கை யன்னலுக்கும் வாலை றோட்டுக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்.

காரின் முன்மூடியைத் திறந்தார். உள்ளே கிடந்த பற்றரியை நான் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். அழுக்கு. தலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. அதற்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. ஒவ்வொரு நாளும் விடியக் காலமை தொழிற்சாலைக்குப் போய் வந்த பற்றரி. அப்பா பொருக்கை வீட்டுத் திறப்பால் சுரண்டி, இன்வேட்டரின் கவ்விகளைக் கடிக்க வைத்தார். நீட்டு வயரை யன்னலால் உள்ளே விட்டார். கார் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அன்ரி சொன்னார், "சத்தம் கேக்குது. ஓடுது. ஓடுது."

"குடையைப் பிடி," என்றார் அப்பா என்னிடம். இன்வேட்டரில் மழை படக்கூடாது. நான் குடையை அதற்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். குடையின் விளிம்பில் வரிசையாகப் பனிக்கட்டி தொங்கத் தொடங்கியது. அப்பா காருக்குள் இருந்து, எஞ்சின் நிற்காதபடிக்குக் காலால் மெல்ல மிதித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் காரின் பக்கக் கண்ணாடி. அவருடைய வாய் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கீழே யன்னலால் அக்காவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசைகின்றனவா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்புலன்ஸ் வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கி வழுக்கி வந்தார்கள். தங்களுடைய சிலிண்டரை அக்காவுக்குப் பூட்டினார்கள். அதற்கும் பச்சைத் தலைதான். தூக்கிக்கொண்டு போகும்போது அக்கா என் பக்கம் தலையைத் திருப்பினார். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடிக்குள் இருந்து அவர் குரல் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

"மாப்பிள்ளையைப் பாத்துக்கொள்."

அம்மா கூடப் போனார். நான் கீழே இறங்கினேன். கூடம் இருட்டு. மூலையில் மெசின் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் கட்டிலில் கிடந்தது. அதன் நுனி தலையணையில், அக்காவின் தலை பதிந்த பள்ளத்துக்குள், சீறிக்கொண்டிருந்தது. நான் மேலே போய் அப்பாவிடம், அக்கா போயிட்டா, நிப்பாட்டட்டா என்று கேட்டேன்.

"ஓடட்டும்," என்றார்.

பெற்றோல் முடியும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

மறுநாள் மிசிசாகா அங்கிள் வந்தார். இரண்டு பேருமாக ஆறு பற்றரிகளையும் தூக்கி வெளியே வைத்தார்கள். குங்குமம் கரைந்து கறுப்பில் வழிந்திருந்தது. அப்பா கடைசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீர் சொன்னதுதான். பாண்."

"விடுங்கோ அண்ணை," என்றார் அங்கிள். "ஊரிலை எண்டால் நீங்கள் சொன்னதுதான் சரி. அங்கை பற்றரி எங்கை ஒரு நாளாவது சும்மா கிடந்தது?"

எல்லோரும் பயந்த அந்தப் புதுவருடம் வந்தது. ஒன்றும் நிற்கவில்லை. தெருவிளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அக்கா ஆசுபத்திரியில் இருந்தார். மாசி கடைசியில் வீட்டுக்கு வந்தார். வந்ததும் மெசினைத் தட்டி, "இளைச்சுப் போனியள்" என்றார். பச்சைத் தலைச் சிலிண்டர் திரும்ப வந்து கட்டிலடியில் நின்றது. அம்மா அதற்கு ஒரு பொட்டு வைத்தார்.

கராஜில் கேட்டவருக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். பற்றரியைக் கடைசியாக வாங்குங்கள். தகடு ஏறட்டும், கம்பி இழுபடட்டும், சார்ஜர் சுவரில் தொங்கட்டும். பிறகு வாங்கி, அன்றே பூட்டி, அன்றே வேலை கொடுங்கள். பொலித்தீன் போடாதீர்கள். இப்போதைய பற்றரிகள் வேறு மாதிரி, கிடந்தாலும் பழுதாகாது என்று சொல்வீர்கள். இருக்கலாம். நான் பார்த்தவை அப்படி இல்லை.

அக்கா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். கடைசியில் ஒரு வைகாசி மத்தியானம், ஆசுபத்திரியில், நல்ல வெயிலில் போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வைத்தியர் அறைவாசலில் நின்று ஆறுதலாக எல்லாம் விளங்கப்படுத்தினார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டிக் கேட்டார். அம்மா சுவரோடு சரிந்து இருந்துவிட்டார். வைத்தியர், வேறு ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கறன்ற் நிண்டதோ எண்டு கேள்," என்றார் அப்பா.

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். வைத்தியருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டேன். அவர் அண்ணாந்து, நடைபாதை நீளத்துக்கும் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். இல்லை, ஒருபோதும் நிற்கவில்லை என்றார்.

"நிக்கேல்லையாம் அப்பா."

அதுவரை நின்றுகொண்டிருந்த அப்பா, அப்போதுதான் கதிரையில் இருந்தார்.